என் கார்டில் இருப்பது என் மகள்

என் வாக்காளர் அட்டையில் இருப்பது நான் இல்லை. என் மகள். அவள் அட்டையில் இருப்பது நான். தப்பு என்னுடையது. எப்படி நடந்தது என்று நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

நான் அஞ்சாவது வரை படித்தவன். திருத்தணியில், ஊர் முடிகிற இடத்தில் வீடு. வீட்டுக்குள்ளேயே இரண்டு பவர்லூம். லுங்கி ஓடுகிறது. தறி ஓடும்போது பேசினால் காதில் விழாது. தறி நின்றால் சாப்பாடு. அதனால் எனக்குப் பேச்சு பழகவில்லை. வீட்டில் பேசுவதற்கு மனைவி இருக்கிறாள். அவள் மூச்சு வாங்கும்போது மகள் இருக்கிறாள்.

மகள் அரக்கோணத்தில் காலேஜ். காலை ஏழே முக்காலுக்கு ஒரு பஸ், பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி எங்கள் தெரு மூலையைத் தாண்டிப் போகும். தாண்டித்தான் போகும். நிற்காது. மூலையில் ஸ்டாப்பிங் கிடையாது. அதனால் எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேரும் விடிந்ததும் ஊருக்குள் நடப்பார்கள். பஸ் ஸ்டாண்டு போய், ஏறி, உட்கார்ந்து, எங்கள் வீட்டு மூலைக்கே திரும்பி வருவார்கள். ஜன்னலிலிருந்து மகள் எனக்குக் கை காட்டுவாள். டிரைவரும் காட்டுவார். மரியாதையான ஆள். ஆனால் நிறுத்தமாட்டார்.

மகள் ஒரு மனு எழுதினாள். ஆறு பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர் கட்சியில் வட்டச் செயலாளர். தெருவில் சுருக்கமாக வட்டம் என்போம். எந்தக் கட்சி என்று எழுதவில்லை. பக்கத்து வீடு. நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும்.

வட்டம் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். நான் தறிக்குப் பாவு நூல் இணைத்துக்கொண்டிருந்தேன். தறி நின்றிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"மாமா, ஸ்டாப்பிங் வோணும்."

"வயசு இன்னா உனக்கு?"

"பதினேழே முக்கால்."

"உனக்கு ஓட்டு கீதா?"

"இல்ல."

"வந்ததும் வா பாப்பா. ஓட்டு இல்லாதவங்க கிட்ட எல்லாம் பேசிகினு இருந்தா நான் எப்போ கட்சி வேலை பாக்கறது?"

பேஸ்ட் நுரையோடு சொன்னார். மகள் மனுவை நாலாக மடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஓட்டுப் பைத்தியம் பிடித்தது.

வாசலில் கோலம் போட்டால் நடுவில் விரல் வரைந்தாள். விரலுக்கு மை வைக்க அடுப்புக்கரி. பால்காரரை நிறுத்தி, பேர் லிஸ்டில் இருக்கிறதா என்று போனில் பார்த்துச் சொன்னாள். அவர் பேர் மூன்று தெருவில் இருந்தது. அதற்கு அவரே பயந்துபோய் இரண்டு நாள் பால் கொண்டுவரவில்லை.

என்னையும் விடவில்லை.

"நைனா, போன தடவ யாருக்குப் போட்ட?"

"ரகசியம்."

"சரி. எதுக்குப் போட்ட?"

யோசித்தேன். "அதுவும் ரகசியம்" என்றேன்.

இதற்கு நடுவில் மொட்டை வந்தது.

மகள் பன்னிரண்டாவது எழுதும்போது கணக்குப் பரீட்சையன்று காய்ச்சல். மனைவி மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். பொண்ணு பாஸானால் குடும்பத்தோடு மொட்டை. பாஸாகிவிட்டாள். ஆனால் மொட்டைக்கு வரவில்லை. ஒரு வருஷம் இழுத்தாள். மனைவிக்கு முழங்கால் வலி வந்தது. வேண்டுதல் பாக்கி இருப்பதால்தான் வலி என்றாள். மிக்ஸி ரிப்பேர் ஆனதற்கும் அதுவே காரணம் என்றாள்.

"என் தலை. என் உரிமை" என்றாள் மகள்.

"சாமி கிட்ட போயி உரிமை பேசு."

"நீயும் குடும்பம்தானே? நீ குடுப்பியா?"

"வேண்டிகினது நானு. குடுக்கறது நீங்க. எல்லாத்தையும் ஒரே ஆளு பண்ண முடியுமா?"

சண்டை முற்றியது. மகள் ஒரு யோசனை சொன்னாள். வீட்டில் ஓட்டெடுப்பு. மூன்று பேர், மூன்று ஓட்டு. கை தூக்க வேண்டும். மொட்டை வேண்டும் என்று மனைவி கை தூக்கினாள். வேண்டாம் என்று மகள் தூக்கினாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தறியைப் பார்த்தேன். ஊடை நூல் அறுந்திருந்தது. போய் அதைப் பார்த்தேன்.

"சும்மா இருந்தா சம்மதம்" என்று மனைவி முடித்துவிட்டாள். "ரெண்டுக்கு ஒண்ணு. வேண்டுதல் ஜெயிச்சிடுச்சு."

மகள் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "ஓட்டு போடாம எந்திரிச்சுப் போன இல்ல நைனா. இப்போ உன் தலையும் போவுது, என் தலையும் போவுது."

தோற்றால் தோற்றதுதான் என்று ஒரு பேச்சு பேசாமல் மலைக்கு வந்தாள். படியேறினோம். மொட்டை போட்டோம். எனக்கு மீசையும் போனது. குளித்து, மஞ்சள் சட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டோம். மகளின் கம்மலைக் கழற்றி மனைவி முந்தானையில் முடிந்திருந்தாள். மீசை போனபிறகுதான் தெரிந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முகம். மண்டையில் மேடு இருக்கிற இடம்கூட ஒன்று. என்னிடம் ஒரு தம்பதி வந்து, "உங்க அண்ணனா தம்பியா?" என்று மகளைக் காட்டிக் கேட்டார்கள். மகள் அதற்கும் பேசவில்லை.

அந்த மாதம்தான் அவளுக்குப் பதினெட்டு ஆனது. ஓட்டுக்கு மனுப் போட போட்டோ வேண்டும். என் பழைய கார்டில் முகம் இருக்கிற இடத்தில் கறுப்பாக ஒரு மை மட்டும் இருந்தது. அதையும் மாற்றிவிடலாம் என்றாள். அடிவாரத்தில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. "வந்தது வந்தோம், இங்கயே எடுத்துகினு போவலாம்" என்றாள் மனைவி. எடுத்தோம். நீலத் துணிக்கு முன்னால் இரண்டு மஞ்சள் சட்டை, இரண்டு சந்தனத் தலை. ஸ்டூடியோக்காரர் எல்லாப் போட்டோவையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, காலையில், மகள் இரண்டு பாரத்தையும் எழுதி வைத்தாள். ஒட்ட நேரமில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க வேண்டும்.

"நைனா, போட்டோ மட்டும் ஒட்டிடு. மத்தியானம் ஓட்டு லிஸ்ட் எடுக்கற அக்கா வருவாங்க, குடுத்துடு."

"ஆங்."

மைதா பசை காய்ச்சினேன். மூக்குக் கண்ணாடி தறி மேலே எங்கோ இருந்தது. தேடவில்லை. ஒட்டினேன். கோணல் இல்லை, பிசிறு இல்லை. அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த அக்கா வந்தார். எழுத்தைப் படித்துப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். மொட்டை இருக்கிறது, போட்டோவிலும் மொட்டை இருக்கிறது. வாங்கிக்கொண்டு போனார்.

கார்டு தபாலில் வந்தபோது மகளுக்கு முடி காது வரை வளர்ந்திருந்தது. எனக்கு மீசை வந்துவிட்டது. கவரைப் பிரித்தாள். பார்த்தாள். இன்னொன்றைப் பிரித்தாள். பார்த்தாள். என் மகள் பேசாமல் நின்றதை நான் பார்த்தது இரண்டாவது தடவை.

மனைவிதான் பேசினாள். சிரித்து முடித்துவிட்டுப் பேசினாள். "உங்க அப்பா மூஞ்சியோட போயி ஓட்டு போடு. எவன் தடுப்பான்."

"நைனா" என்றாள் மகள். "ரெண்டே போட்டோ. ரெண்டே பாரம்."

"ஆங்."

"பாதிக்குப் பாதி சான்ஸ். கண்ண மூடிகினு ஒட்டியிருந்தாலே சரியா வந்திருக்கலாம்."

அது கணக்கு. அவள் பாஸ் பண்ணியவள்.

திருத்த மனு போட்டோம். அதற்குள் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். இனி முடிந்த பிறகுதான் என்று தாலுகா ஆபீசில் சொன்னார்கள். பயப்பட வேண்டாம், ஓட்டுச்சாவடியில் ஆதார் காட்டினால் போதும் என்றார்கள். நல்லபடியாகத்தான் சொன்னார்கள். ஆனால் மகளுக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் சாவடியில் கட்சி ஏஜெண்டாக உட்காரப் போவது வட்டம்.

கார்டு மாறிப்போனது தெருவுக்கே தெரியும். வட்டத்துக்கும் தெரியும். என்னை அவர் பாவா என்பார், எங்கள் பக்கம் மச்சானை அப்படித்தான் கூப்பிடுவோம். வாசலில் பார்த்தால், "பாவா, உன் பொண்ணு எங்க, நீதானே அது?" என்று என்னைக் கேட்பார். மகளைப் பார்த்தால், "வணக்கம் பாவா" என்பார். அவளும் விடமாட்டாள். "மாமா, ஸ்டாப்பிங் ஞாபகம் கீதா? ஓட்டு வந்துடுச்சு." "வந்தது உனக்கா, உங்கப்பாவுக்கா, தெரியலியே" என்பார்.

அவள் போனில் சட்டம் படித்தாள். சாப்பிடும்போது எங்களுக்கும் படித்துக் காட்டினாள். ஓட்டு போட வந்தவர் அந்த ஆள் இல்லை என்று ஏஜெண்டுக்குத் தோன்றினால் ஆட்சேபணை செய்யலாம். அதற்கு ரெண்டு ரூபாய் கட்ட வேண்டும். அதிகாரி விசாரிப்பார். ஆட்சேபணை பொய் என்றால் ரெண்டு ரூபாய் சர்க்காருக்கு. மெய் என்றால் ஓட்டு கிடையாது.

"ரெண்டு ரூபா கட்டினா, நான் நானில்லன்னு சொல்லலாம்" என்றாள். "மாமா சொல்லுவாரு. எனக்குத் தெரியும். ஓட்டு போட்டுட்டா அப்பறம் என் கிட்ட பேசணும் இல்ல."

அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் பாதி அப்படியே இருந்தது.

நான் தறியில் உட்கார்ந்து யோசித்தேன். அவள் கார்டில் இருப்பவன் மொட்டை, மீசை இல்லை. நான் முடி வைத்திருக்கிறேன், மீசை வைத்திருக்கிறேன். விசாரணை என்று வந்தால், கார்டில் இருப்பது நான் என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும். பேசிப் புரியவைக்க எனக்கு வராது. போன ஓட்டெடுப்பில் நான் எழுந்து போனது வேறு ஞாபகம் வந்தது.

தேர்தலுக்கு முதல் நாள் தறியை நிறுத்திவிட்டு மலைக்குப் போனேன். மொட்டை போடுகிறவர் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாங்க வேண்டுதல்?"

"ஓட்டு."

"நிக்கறீங்களா?"

"போடறேன்."

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு போட்டுவிட்டார். மீசையையும் எடுக்கச் சொன்னேன். சந்தனமும் பூசிக்கொண்டேன். போட்டோவில் சந்தனம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "இப்போ எவ பாஸானா?" என்றாள். மகள் கார்டை எடுத்து என் தலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அன்று இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மறுநாள் காலை. சாவடி நான் படித்த ஸ்கூல்தான். நான் கடைசியாக உட்கார்ந்த அஞ்சாவது வகுப்பிலேயே மெஷின் வைத்திருந்தார்கள். ஆண்கள் வரிசையில் நான், தலையில் துண்டு கட்டிக்கொண்டு. பெண்கள் வரிசையில் அவள். சரியாக ஒரே நேரத்தில் உள்ளே போனோம். மனைவி சீக்கிரமே போட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

மகள் ஆதாரை நீட்டினாள். லிஸ்ட் வைத்திருந்தவர் பேரைச் சத்தமாகப் படித்தார். ஏஜெண்டுகள் வரிசையாக உட்கார்ந்து தங்கள் லிஸ்டில் பேரை அடித்துக்கொண்டார்கள். வட்டம் அடிக்கவில்லை. எழுந்தார். புது வெள்ளைச் சட்டை, கஞ்சி மொடமொடவென்று சத்தம் போட்டது.

"மேடம், லிஸ்ட்டுல போட்டோ பாருங்க. அது இந்தப் பொண்ணு இல்ல. நான் ஆட்சேபிக்கிறேன்."

அதிகாரி ஒரு அம்மா. வெளியூர். டீச்சர் மாதிரி இருந்தார். களைப்பாக ஒரு புத்தகத்தைப் புரட்டினார். "ரெண்டு ரூபா கட்டுங்க. ரசீது தரேன்."

வட்டம் சட்டைப்பையில் கை விட்டார். ஐநூறு ரூபாய்த் தாள் வந்தது. இன்னொரு பையில் விட்டார். இன்னொரு ஐநூறு.

"சில்லறை இல்லீங்க" என்றார் அதிகாரி.

"போன்ல போடட்டா?"

"போன் உள்ளே வரக்கூடாது. உங்க கிட்ட போன் இருக்கா?"

"இல்ல மேடம், இல்ல. வெளிய குடுத்துட்டேன்."

பக்கத்து ஏஜெண்டுகளைப் பார்த்தார். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். ஒருவர் பேனாவைப் பார்த்தார். எல்லாரும் வேறு கட்சி. வரிசை நீண்டுகொண்டிருந்தது. வட்டம் அறையைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"பாவா, ரெண்டு ரூபா கீதா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"நைனா" என்றாள் மகள். அவ்வளவுதான் சொன்னாள். மற்றதெல்லாம் அந்தக் குரலில் இருந்தது.

என்ன செய்வது. கேட்டார். பையில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சில்லறை கேட்டால் யோசிக்கிற பழக்கம் எங்கள் தெருவில் இல்லை. காசு கைமாறி, அதிகாரி டப்பாவில் போட்டு, ரசீதில் வட்டத்தின் பேரை எழுதுகிறவரை எனக்குமே உறைக்கவில்லை.

விசாரணை ஆரம்பமானது.

"உன் கார்டைக் குடும்மா. இதுல இருக்கறது யாரு?"

மகள் என்னைக் காட்டினாள். நான் துண்டை அவிழ்த்தேன். அறையில் எல்லாரும் என் தலையைப் பார்த்தார்கள். அதிகாரி கார்டை என் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இது நீங்க."

"ஆங்."

"உங்க கார்டு?"

கொடுத்தேன். அதை மகளின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். முடியைக் கையால் ஒதுக்கிப் பார்த்தார். "இது இந்தப் பொண்ணு."

"ஆங்."

"எப்படிங்க?"

எல்லாரும் காத்திருந்தார்கள். எழுந்து போக முடியாது. அங்கே தறியும் இல்லை.

"அம்மா" என்றேன். "இவ என் பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல மொட்ட. போட்டோ ஒட்டினது நான். மாத்தி ஒட்டிட்டேன். தப்பு என்னுது. ஓட்டு அவளுது."

என் கல்யாணத்தில்கூட நான் இவ்வளவு பேசவில்லை.

அதிகாரி வட்டத்தின் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

"யாரு?"

"இவரு பொண்ணு. எங்க பக்கத்து வூடு."

"எத்தனை வருஷமா தெரியும்?"

"பொறந்ததுல இருந்து. பேர் வச்சப்போ லட்டு குடுத்தாங்க."

"அப்புறம் எதுக்கு ரெண்டு ரூபா கட்டினீங்க?"

"அவதான்னு தெரியும் மேடம். போட்டோ அவ இல்லியே, அதான்."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஆட்சேபணை தள்ளுபடி என்று எழுதினார். ரெண்டு ரூபாய் சர்க்காருக்குப் போனது. காசு என்னுடையது, ரசீது அவருடையது.

மகளுக்கு மை வைத்தார்கள். மறைவுக்குள் போனாள். மெஷின் நீளமாகச் சத்தம் போட்டது. வெளியே வந்தவள் வட்டத்துக்கு முன்னால் நின்று விரலைக் காட்டினாள்.

"மாமா. ஓட்டு கீது. நாளைக்குக் காலைல ஏழே முக்காலுக்கு மூலைக்கு வாங்க. பேசணும்."

"பேச்செல்லாம் வெளிய போய் வச்சுக்கோம்மா" என்றார் அதிகாரி.

"வரேன், வரேன்" என்றார் வட்டம்.

அவளோடு நானும் வெளியே வந்தேன். வெயிலில் நின்று மூச்சு விட்டேன். மனைவி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"உன் மை எங்க?"

இல்லை. நான் ஓட்டு போடவில்லை. மகள் தலையில் கை வைத்தாள். அவள் தலையில் இல்லை, என் தலையில். சந்தனம் ஒட்டிக்கொண்டது. திரும்ப வரிசைக்கு அனுப்பினாள்.

இரண்டாவது தடவை உள்ளே போனேன். பேரைப் படித்தார்கள். வட்டம் லிஸ்டைப் பார்த்தார். அதில் சந்தனத் தலையோடு என் மகள். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சில்லறை இல்ல" என்றேன்.

பேரை அடித்துக்கொண்டார். போட்டேன். இந்தத் தடவை எதற்குப் போட்டேன் என்று கேட்டால் சொல்வேன். யாருக்கு என்பது ரகசியம்.

மறுநாள் ஏழே முக்காலுக்கு வட்டம் வந்தார். சொன்னால் வருகிற ஆள்தான். ஆறு பெண்களும் மூலையில் நின்றார்கள். நான் வாசலிலிருந்து பார்த்தேன். அவள் பேச ஆரம்பிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. வட்டம் ரோட்டில் இறங்கி, கட்சி மேடையில் தூக்குகிற மாதிரி கையைத் தூக்கினார். டிரைவரும் கையைத் தூக்கினார். பஸ் போய்விட்டது.

வட்டம் கையை இறக்க மறந்து நின்றார்.

"எங்களுக்கும் தினமும் இதேதான் மாமா" என்றாள் மகள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு நேராக டிப்போவுக்குப் போனார். மனுவைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. என்ன பேசினார் என்று தெரியாது. அடுத்த வாரம் பஸ் நின்றது. இப்போதும் நிற்கிறது, பெரும்பாலும். நிற்கிற நாளில் வட்டம் வாசலில் நின்று பார்ப்பார். நிற்காத நாளில் மகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவாள்.

கார்டு இன்னும் மாறி வரவில்லை. திருத்த மனுவை மறுபடி போடச் சொன்னார்கள். போட்டோவும் புதிதாக எடுத்தோம். இந்தத் தடவை அவளுக்குக் காதைத் தாண்டிய முடி, எனக்கு மொட்டை. யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். ஆனாலும் போட்டோவுக்குப் பின்னால் பேர் எழுதி, அவளே ஒட்டினாள்.

நான் பசை மட்டும் காய்ச்சிக் கொடுத்தேன்.